சீரியல் நேரத்தில் பதிவானது

பெரியவள் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். வார்டுகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளைப் பிரித்து மெஷினில் போட வேண்டும். காய்ந்ததும் சூட்டு உருளையில் விட்டு மடித்து, தள்ளுவண்டியில் அடுக்கி, மாடி மாடியாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கல்யாணம் என்று ஒன்று நடந்து, ஒத்துவராமல், ஒரே ஒரு பையோடு அம்மா வீட்டுக்குத் திரும்பிய வருஷம் கிடைத்த வேலை அது. அன்றைக்கு பஸ் நிலையத்துக்கு வந்து அந்தப் பையை வாங்கிக்கொண்டவன் தம்பி. ஏன் வந்தாய், என்ன ஆயிற்று என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பை இவ்வளவுதானா? அப்ப வண்டி வேணாம், நடந்துடலாம்" என்றான். வழி முழுக்க அவனே பேசிக்கொண்டு வந்தான், அவள் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை.

அம்மா பிள்ளைகள் இருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. ஒருத்தி பெரியவள், ஒருத்தன் சின்னவன். அக்கம்பக்கத்துக்கும் அதுவே பழகிப்போயிற்று.

சின்னவன் ஒரு தையல் கம்பெனியில் வாட்ச்மேன். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியும் ஒரு மேஜையும், அதுதான் அவன் இடம். மூன்றாவது மாடியில் பெண்கள் சட்டை தைப்பார்கள். சாயங்காலம் அவர்கள் இறங்கி வரும்போது பைகளைச் சோதிக்க வேண்டியது அவன் பொறுப்பு. அவன் பையைத் தொடவே மாட்டான், "போங்க போங்க, உங்க டப்பால மிச்சம் இருக்கற குழம்பை நான் பாத்து என்ன பண்ணப் போறேன்" என்று அனுப்பிவிடுவான். இதனால் மேனேஜரிடம் திட்டு வாங்குவது வாடிக்கை. துணி திருட்டுப் போகிறது என்று சொல்லி, பின்பக்கப் படிக்கட்டின் கதவுக்கு மேனேஜர் பூட்டுப் போட்டு சாவியைத் தன்னோடு வைத்துக்கொண்டதும் அதனால்தான். இதைச் சின்னவன் ஒருநாள் சாப்பிடும்போது வீட்டில் சொல்லியிருந்தான். பெரியவள் காதில் அது பாதி விழுந்தது, பாதி விழவில்லை.

அம்மாவுக்குக் கால்கள் வீங்கி நடமாட்டம் குறைந்துவிட்டது. மாத்திரை போட்டால் சாயங்காலமே கண்ணைச் சுழற்றித் தூக்கம் வந்துவிடும். அவள் உயிரையே வைத்திருந்த சீரியல் அந்த நேரத்தில்தான் வரும். காலையில் எழுந்ததும், "நேத்து அந்தப் பொண்ணு மாமியார்கிட்ட சொல்லிட்டாளா இல்லையா?" என்று கேட்டு இருவர் உயிரையும் எடுப்பாள். சின்னவன் பொறுத்துப் பார்த்துவிட்டு, டிவிக்கு அடியில் இருக்கும் கேபிள் பெட்டியில் ஒரு ஹார்ட் டிஸ்க்கைச் சொருகி, தினமும் அந்த நேரத்தில் அந்தச் சேனலை அதுவாகவே பதிவு செய்யும்படி வைத்துவிட்டான். "இனிமே உன் மருமகளும் மாமியாரும் உனக்காகக் காத்துக்கிட்டு இருப்பாங்க. நீ எப்ப எழுந்தாலும் அப்பதான் சண்டையே ஆரம்பிக்கும்" என்றான்.

தீப்பிடித்தது ஒரு சாயங்கால வேளையில்.

பெரியவள் அப்போது சலவைக்கூடத்தில்தான் இருந்தாள். கைவசம் இருக்கும் விரிப்பு எல்லாவற்றையும் மேலே அனுப்பு என்று போன் வந்தது. தையல் கம்பெனியில் தீ என்று யாரோ சொன்னார்கள். அவள் உடனே தம்பிக்குப் போன் போட்டாள். தீ மேல்மாடியில், அவன் கேட்டில் அல்லவா இருப்பான், கேட்டில் இருப்பவனுக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்போடுதான் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு தீக்காய வார்டுக்கும் சலவைக்கூடத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தாள். அவன் போனை எடுக்கவில்லை என்பதைக்கூட, அங்கே ஆயிரம் வேலை இருக்கும், போனையா எடுத்துக்கொண்டிருப்பான் என்று விட்டுவிட்டாள்.

விடிந்த பிறகு அவனைக் கண்டெடுத்தார்கள். பின்பக்கப் படிக்கட்டில், மூன்றாவது மாடிக் கதவுக்கு வெளியே. கதவுக்கு அந்தப் பக்கம், உள்ளே, தைக்கும் பெண்கள்.

மேனேஜர் டிவியில் பேசினார். கையில் சின்னதாகக் கட்டு. "பின்கதவுச் சாவி வாட்ச்மேன் பொறுப்புல இருந்தது. பூட்டிட்டு எங்கயோ போயிருக்கான். தீன்னதும் முதல்ல வெளிய ஓடி வந்தவனும் அவன்தான்" என்றார். சேனல்காரர்கள் அதற்குத் தோதாக ஒரு துண்டுப் படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். பக்கவாட்டுச் சந்திலிருந்து காக்கிச் சட்டை போட்ட ஒருவன் இருமிக்கொண்டே வெளியே ஓடி வருகிறான். அவ்வளவுதான். மறுபடி ஓடி வருகிறான். மறுபடி ஓடி வருகிறான். செத்துப்போனவன் நாள் முழுக்க எல்லார் வீட்டிலும் ஓடிக்கொண்டே இருந்தான்.

அப்படியானால் பிறகு ஏன் அவன் உடல் மேலே கிடந்தது என்று கேட்டவர்கள் உண்டு. அதற்கும் ஆளாளுக்கு ஒரு பதில் வைத்திருந்தார்கள். பயத்தில் சாவியைத் தொலைத்திருப்பான், தேடப் போயிருப்பான் என்றார்கள். மாட்டிக்கொள்வோம் என்று பூட்டைக் கழற்றப் போயிருப்பான் என்றார்கள்.

செத்தவர்களில் பாதிப்பேர் சுற்றுவட்டாரத்துத் தெருக்களைச் சேர்ந்தவர்கள். பெரியவள் கடைக்குப் போனால் பேச்சு நின்றுவிடும். ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இயக்குபவரை எல்லாரும் லிஃப்ட்காரர் என்பார்கள். அவருடைய ஒரே மகள் அந்தக் கம்பெனியில் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தவள். அவரும் பெரியவளும் வருஷக்கணக்காக முகம் பார்த்துச் சிரித்துக்கொள்பவர்கள். இப்போது அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவதைக் கண்டால் அவர் கதவை மூடிவிடுவார். கோபமாகக்கூட அல்ல. பார்க்காத மாதிரி. அவள் வண்டியைச் சாய்தளத்தில் மாடி மாடியாகத் தள்ளி ஏற்றினாள். தீக்காய வார்டிலிருந்து வரும் விரிப்புகளை அவளே வாங்கி அவளே துவைத்தாள். அவற்றில் ஒட்டியிருப்பதைச் சுரண்டி எடுக்கும்போது, இது என் தம்பியால் ஆனதா என்று ஒவ்வொரு தடவையும் மனசு கேட்கும். இல்லை என்று அடித்துச் சொல்ல அவளிடம் எதுவும் இல்லை. அன்றைக்கு அவன் சாப்பிட்டுக்கொண்டே சொன்னது முழுசாக நினைவில் இருந்தாலாவது தேவலை.

வீட்டில் அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவள்தான். சீரியலைக் கேட்கவே இல்லை. டிவியைப் போட்டால், "அணை" என்பாள். இவ்வளவு பேச்சுத்தான்.

ஆனால் கேபிள் பெட்டிக்கு இதெல்லாம் தெரியாதே. அது பாட்டுக்குத் தினமும் சாயங்காலம் சிவப்புப் பொட்டு மின்ன, யாரும் பார்க்காத சீரியலைப் பதிவு செய்துகொண்டிருந்தது. அந்தச் சிவப்புப் பொட்டைக் காணச் சகிக்காமல் ஒரு மத்தியானம் பெரியவள் அதை நிறுத்துவதற்காக ரிமோட்டை எடுத்தாள். பதிவுகளின் வரிசை வந்தது. சீரியலின் பெயர், தேதி. மறுபடி சீரியலின் பெயர், தேதி. இடம் தீரப்போகிறது, பழையவை தானாக அழியும் என்று அடியில் ஓர் எச்சரிக்கை. மேலே போய்க்கொண்டே இருந்தவள், அந்தத் தேதியில் நின்றாள்.

அந்த நாளுக்கும் சீரியலின் பெயர்தான் இருந்தது. ஆனால் அன்றைக்கு அந்தச் சேனலில் சீரியல் எங்கே ஓடியது? சீரியலை நிறுத்திவிட்டுத் தீயைத்தானே நேரலையாகக் காட்டினார்கள்.

சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு அவள் அதை ஓடவிட்டாள்.

எதிர்க்கட்டட மொட்டைமாடியிலிருந்து எடுத்த படம். புகை. கம்பி போட்ட மூன்றாவது மாடி ஜன்னல்கள். அவற்றில் ஒன்றில் மட்டும், கம்பிகளுக்கு வெளியே கைகள். படம் எடுத்தவனாலேயே அதைப் பார்க்க முடியவில்லை போலும். சட்டென்று கேமராவைக் கீழே இறக்கினான். பக்கச் சந்திலிருந்து சின்னவன் ஓடி வந்தான், எல்லாரும் பார்த்த அதே ஓட்டம். ஆனால் இங்கே அவன் ஓடி முடித்த பிறகும் படம் நிற்கவில்லை. அவன் நேராக, காருக்குப் பக்கத்தில் நின்ற மேனேஜரிடம் போனான். கையை நீட்டினான். மேலே காட்டினான், மறுபடி கையை நீட்டினான். மேனேஜர் சட்டைப்பையைத் தடவினார், காற்சட்டைப்பையைத் தடவினார், இல்லை என்று தலையாட்டினார். சின்னவன் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினான். இரண்டு பேர் வந்து அவனை இழுத்துத் தள்ளினார்கள். கீழே விழுந்தவன் எழுந்து, கேட்டில் குறுக்கே போடும் இரும்புக் கம்பியை உருவிக்கொண்டு, பின்படிக்கட்டுக்குப் போகும் அதே சந்துக்குள் திரும்பிப் போனான். உள்ளே நுழையும் முன் சட்டைக் காலரை இழுத்து மூக்கை மூடிக்கொண்டான். அப்புறம் வெறும் புகை. அப்புறம் ஒரு சோப்பு விளம்பரம்.

பெரியவளுக்கு அழுகை வரவில்லை. இது அழிந்துபோய்விடும், இது அழிந்துபோய்விடும் என்று மட்டும் உள்ளே ஒன்று அடித்துக்கொண்டே இருந்தது. தினசரிப் பதிவை நிறுத்தினாள். நிறுத்தியாயிற்றா என்று திரும்பத் திரும்பப் பார்த்தாள். பிறகு பெட்டிக்கு முன்னால் யாரும் வராதபடி ஒரு நாற்காலியைப் போட்டு வைத்தாள்.

கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டும் ஒருவர் பக்கத்துத் தெருவில் இருந்தார். கத்திரி என்றால்தான் தெரியும். ஒடிசலான ஆள், எப்போதும் கண்ணைச் சுருக்கியே பார்ப்பார். பெரியவள் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் துணியில் சுற்றி அவரிடம் எடுத்துப் போனாள். அவர் அதைத் தன் கம்ப்யூட்டரில் சொருகிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இதுல ஒண்ணுமே இல்லைன்னு காட்டுதும்மா. காலியா இருக்குன்னு சொல்லல. எனக்குப் புரியலைன்னு சொல்லுது. உங்க வீட்டுப் பெட்டி இதைத் தனக்கு மட்டும் தெரிஞ்ச பாஷையில எழுதி வெச்சிருக்கும். கம்ப்யூட்டரால படிக்க முடியாது. 'சரி பண்ணவா'ன்னு வேற கேக்குது பாருங்க. ஆமான்னு ஒரு தட்டு தட்டினா எல்லாம் போச்சு."

அவள் முகம் வெளுத்ததைப் பார்த்து அவசரமாக அதைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார்.

"பயப்படாதீங்க. நான் எதையும் தொடல. வழி இருக்கு. பெட்டியில ஓட விட்டு, டிவிக்குப் போற ஒயரை என் கம்ப்யூட்டர்ல விட்டு, ஓட ஓடப் பிடிக்கணும். அது ஒரு மணி நேரம் ஓடினா நமக்கும் ஒரு மணி நேரம். குறுக்குவழி கிடையாது. பெட்டியையும் கழற்றிக்கிட்டு வர முடியாது, கேபிள் இல்லாத இடத்துல அது வேலை செய்யாது. நான்தான் மூட்டை முடிச்சோட உங்க வீட்டுக்கு வரணும்." கொஞ்சம் நிறுத்தி, "நீங்க வாட்ச்மேனோட அக்காதானே?" என்றார்.

"ஆமா."

"வர்றேன். எதுக்கு ஏன்னு என்கிட்ட யாராவது கேட்டா, அம்மாவோட சீரியலை மாத்திக் குடுக்க வந்தேன்னு சொல்லுவேன். பொய்யும் இல்ல பாருங்க."

அவளுக்கு விடுமுறையான ஒரு பகல்பொழுதில் அவர் கம்ப்யூட்டரைச் சுமந்துகொண்டு வந்தார். அம்மா படுத்திருந்த அறையில்தான் டிவி. கத்திரி செருப்பைக் கழற்றிவிட்டு, "கொஞ்சம் தொந்தரவு பண்ணப்போறேம்மா" என்றார். அம்மா திரும்பவில்லை. மூன்று நிறத்தில் வாலுள்ள ஒயரைப் பெட்டியின் பின்னால் மாட்டினார். அந்த வால்களை ஒரு தீப்பெட்டி அளவுக் கருவியில் சேர்த்து, அதைக் கம்ப்யூட்டரில் சொருகினார். முதலில் படம் கறுப்பு வெள்ளையாக வந்தது. மஞ்சளைக் கழற்றி மறுபடி அழுத்திச் சொருகியதும் நிறம் வந்தது.

"சத்தமும் வேணுமா?" என்று கேட்டார்.

பெரியவள் அம்மாவின் முதுகைப் பார்த்தாள். "வேணும். ஆனா வெளிய கேக்க வேணாம்."

பதிவு ஓடியது. பாதியில் ஓரிடத்தில் படம் கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே உறைந்து நின்றது. பெட்டி கையைச் சுடும் அளவுக்குக் கொதித்தது. கத்திரி அதை அணைத்து ஆறவிட்டு, ஒரு விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்தத் தடவை அந்த இடத்தில் ஒரு திக்கல் திக்கிவிட்டுத் தாண்டியது. சின்னவன் சந்துக்குள் திரும்பிப் போனபோது கத்திரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அவன் எங்க போறான்?" என்று குரல் கேட்டது.

அம்மா. எப்போது திரும்பிப் படுத்தாளோ, தலையைத் தூக்கித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ளேம்மா" என்றாள் பெரியவள். "கதவை உடைக்க உள்ள போறான்."

அம்மா தலையைத் தலையணையில் வைத்துக்கொண்டாள். "போகாதடான்னு யாரும் சொல்லலையா அங்க?" என்றாள்.

முழுசும் கம்ப்யூட்டருக்குள் வந்து சேர்ந்த பிறகு வெட்டும் வேலை. சின்னவன் சந்திலிருந்து வெளியே வருவதில் தொடங்கி மறுபடி உள்ளே போவது வரை போதும் என்றாள் பெரியவள். கத்திரி தலையைச் சொறிந்தார்.

"என் தொழிலே வெட்டறதுதான். அதனால சொல்றேன், கேளுங்க. நீங்க ஒரு இடத்துல வெட்டினா, எல்லா இடத்துலயும் வெட்டினதாத்தான் சொல்லுவாங்க. முழுசா அனுப்புங்க."

"முழுசுல அந்த ஜன்னல் வருதே."

"அதுதானே..."

"அந்தக் கையெல்லாம் யாரோட பிள்ளைங்களோ. அவங்க அப்பா அம்மா போன்ல வந்து விழணுமா அது? சோறு திங்கறப்ப பாக்கணுமா? வேணாம். என் தம்பி பேரைக் காப்பாத்த அவங்களைக் கடைத்தெருவுல நிறுத்த மாட்டேன்."

கத்திரி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். ஜன்னல் வரும் இடத்தையெல்லாம் வெட்டி எடுத்தார். மேனேஜர் பையைத் தடவும் இடத்தை மட்டும் கொஞ்சம் மெதுவாக ஓட வைத்தார். முழுப்பதிவை அப்படியே வேறொரு டிஸ்க்கிலும் போட்டு அவளிடம் கொடுத்தார். சின்னத் துண்டை அவள் போனில் ஏற்றினார். உறவுக்காரர்கள் குழுவிலும் சலவைக்கூடக் குழுவிலும் அவள் அதைப் போட்டாள். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. "இது என் தம்பி" என்று மட்டும் எழுதினாள்.

அது பரவிய வேகம் அவளுக்கே திகைப்பாக இருந்தது. முதலில் நல்லபடியாகத்தான் இருந்தது. பேசாமலிருந்த ஒரு சித்தி போன் செய்து அழுதாள். சலவைக்கூடத்தில் ஒருத்தி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். சாவி மேனேஜரிடம்தான் இருந்தது என்று, தப்பிப் பிழைத்த ஒரு பெண் வார்டில் படுத்தபடியே சொன்னாள்.

பிறகு அந்தத் துண்டிலிருந்து யாரோ இன்னொரு துண்டு வெட்டினார்கள். அதில் சின்னவன் கையை நீட்டிக் கெஞ்சுவது இல்லை. திரும்பி உள்ளே போவதும் இல்லை. மேனேஜரின் சட்டையைப் பிடித்து உலுக்குவது மட்டும் இருந்தது. பின்னால் ஒரு பாட்டுச் சத்தம் சேர்த்து, 'பெண்கள் எரியும்போது மேனேஜரை அடிக்கும் வாட்ச்மேன்' என்று எழுதிப் போட்டிருந்தார்கள். அவள் அனுப்பியதைவிட அது அதிகம் பேரிடம் போய்ச் சேர்ந்தது. சின்னவனைத் தெரிந்தவர்களே அதை அவளுக்கு அனுப்பி, "இது நெஜமா?" என்று கேட்டார்கள். சேனல்காரர்களோ, அவள் போட்டது வெட்டி ஒட்டப்பட்ட படம், தங்களிடம் அப்படி எதுவும் இல்லை என்று கைகழுவிவிட்டார்கள். எங்கெங்கோ இருக்கும் முன்பின் தெரியாதவர்கள் அவள் அம்மாவைப் பற்றி எழுதியதையெல்லாம் அவள் ஒன்றுவிடாமல் படித்தாள். படிக்காதே என்று கத்திரி சொன்னார். அவளால் முடியவில்லை.

"நான் சொன்னேனேன்னு சொல்லிக் காட்ட வரல. வெட்டாம அனுப்பியிருந்தாலும் இதைத்தான் பண்ணியிருப்பாங்க. கத்திரி எல்லார் கையிலயும் இருக்கு" என்றார்.

விசாரணை அதிகாரி ஒருவர் கூப்பிட்டனுப்பினார். அவள் கேபிள் பெட்டி, ஹார்ட் டிஸ்க், முழுப்பதிவு மூன்றையும் ஒரு விரிப்பில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். அங்கே ஒரு நீளமான மேஜை. அதிகாரி படத்தை ஓடவிட்டுப் பார்த்தார். ஜன்னல் வந்தபோது அவரும் முகத்தைத் திருப்பினார். "போன்ல போட்டதுல இதை ஏன் வெட்டிட்டீங்க?" என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் அதை எழுதிக்கொண்டார். பெட்டியையும் டிஸ்க்கையும் வாங்கி வைத்துக்கொண்டு அவளைப் போகச் சொன்னார். வெளியே நடைவழியில் மேனேஜர் தன் ஆட்களோடு உட்கார்ந்திருந்தார். அவள் அவர் முன்னால் நின்றாள். கேட்க வேண்டும் என்று எத்தனையோ வைத்திருந்தாள்.

"சாவி எங்க இருந்துச்சு?" என்று மட்டும் வாயில் வந்தது.

மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார். "கார்ல" என்றார். சொல்லிவிட்டதை அப்போதுதான் உணர்ந்தவர் போலப் பக்கத்திலிருந்த வக்கீலைப் பார்த்தார். வக்கீல் எழுந்து அவளைத் தள்ளிப் போகச் சொன்னார். அதை வேறு யாரும் கேட்கவில்லை.

அதன் பிறகு ஒரு மத்தியானம் லிஃப்ட்காரர் அவள் வீட்டுக்கு வந்தார். வேலை உடுப்பிலேயே இருந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றுகொண்டார்.

"நீ எதையோ வெட்டிட்டேன்னு சொல்றாங்க" என்றார். "என்ன வெட்டின?"

"ஜன்னலை வெட்டினேண்ணா."

"அதுல யார் இருக்கா?"

"தெரியல. கை மட்டும்தான் தெரியுது. நீங்க அதைப் பாக்க வேணாம்."

"என் பொண்ணை மூடித்தான் குடுத்தாங்க. திறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. நான் எதையுமே பாக்கல. காமிம்மா."

உள்ளேயிருந்து அம்மா, "வந்து உக்காரச் சொல்லு அவரை" என்றாள்.

விசாரணைக்குப் போகும் முன்பே கத்திரி தன் பழைய மடிக்கணினி ஒன்றைக் கொடுத்து, முழுப்பதிவை அதில் போட்டு, எப்படி நிறுத்துவது, எப்படிப் பெரிதாக்குவது என்று அவளுக்குக் காட்டியிருந்தார். அவள் அதை ஸ்டூலில் வைத்து, ஜன்னல் வரும் இடத்துக்குக் கொண்டுபோய், ஓடவிட்டுவிட்டு எழுந்து நிற்கப் பார்த்தாள். அவர், "இங்கயே இரு" என்றார்.

கைகள் வந்தன. அவர் திரையோடு ஒட்டினாற்போலக் குனிந்தார். நிறுத்தச் சொன்னார். பெரிதாக்கச் சொன்னார். பெரிதாக்கினால் எல்லாம் சின்னச் சின்னக் கட்டங்களாகச் சிதறிப்போயின. சிறிதாக்கச் சொன்னார். இடதுகோடியில் ஒரு கை ஏதோ துணியை ஆட்டியது. "அது நீலமா, பச்சையா?" என்று கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. "அன்னிக்கு என் பொண்ணு என்ன சட்டை போட்டுக்கிட்டுப் போச்சுன்னு எனக்கு ஞாபகம் இல்ல" என்றார். மறுபடி ஓடவிட்டார்கள். மறுபடி. ஒரு கையைக் காட்டி, "இதுதான்" என்றார். அடுத்த தடவை வேறொரு கையைக் காட்டி, "இல்ல, இது" என்றார். அதற்கு அடுத்த தடவை எதையும் காட்டவில்லை.

அவர் நிறுத்தச் சொல்லாததால் படம் மேலே போயிற்று. சின்னவன் வந்தான், கையை நீட்டினான், விழுந்தான், எழுந்தான், கம்பியோடு உள்ளே போனான். லிஃப்ட்காரர் அதையும் பார்த்தார்.

"நான் உன் முகத்துல அடிச்ச மாதிரி கதவை மூடினேன்" என்றார்.

"பரவாயில்லண்ணா."

"பரவாயில்லைன்னு சொல்லாத." அவர் எழுந்து நின்றார். "உன் தம்பி கடைசியா என்ன பண்ணான்னு உனக்குத் தெரியுது. போறதைக் கண்ணால பாத்துட்ட. எனக்கு இவ்வளவு பாத்தும் ஒண்ணும் தெரியல."

சொல்லிவிட்டுப் போனார். அதில் கோபம் இருந்ததா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அப்புறம் கொஞ்ச நாளில் அவர் வேலையை விட்டுவிட்டு மனைவியோடு மச்சினன் ஊருக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டாள்.

அவர் சொல்லித்தானோ என்னவோ, ஒருவர் பின் ஒருவராக மற்றவர்கள் வர ஆரம்பித்தார்கள். ஒரு அண்ணன் வந்தான். அக்கா தங்கை இருவர் வந்தார்கள். கல்யாணமாகிச் சில மாதங்களே ஆன ஒரு கணவன் வந்தான். பெரியவள் யாரையும் திருப்பி அனுப்பவில்லை. எந்த இடத்தில் நிறுத்தினால் கொஞ்சமாவது தெளிவாகத் தெரியும் என்பது அவளுக்குப் பழகிவிட்டது. அந்தக் கணவன் ஒரு வளையலை வைத்துத் தன் மனைவியின் கையை அடையாளம் கண்டான். அந்த இடத்தை மட்டும் படமாக எடுத்துத் தரச் சொன்னான். அவள் எடுத்துக் கொடுத்தாள். அவன் நன்றி சொல்லும்போது அவளுக்கு உடம்பு கூசியது. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. அம்மாவும் சாப்பிடச் சொல்லவில்லை.

விசாரணை அறிக்கை வெளியானபோது கத்திரிதான் தேடிப் படித்துச் சொன்னார். பெரிய அறிக்கை. மின்சார ஒயர்கள், அனுமதி, தீயணைப்புக் கருவிகள் என்று பக்கம் பக்கமாக இருந்தது. சின்னவனைப் பற்றி ஒரே ஒரு வரி. பின்கதவின் சாவி சம்பவ நேரத்தில் காவலாளியிடம் இருந்ததாக நிரூபிக்கப்படவில்லை.

"நிரூபிக்கப்படவில்லைன்னா?" என்று அம்மா கேட்டாள்.

"அவன்கிட்ட இல்லைன்னு அர்த்தம்மா" என்றாள் பெரியவள்.

"அப்ப இல்லைன்னே எழுத வேண்டியதுதானே."

மேனேஜரைப் பிடித்துப் போனார்கள், கொஞ்ச காலத்தில் வெளியே வந்துவிட்டார். முதலாளி வேறொரு பகுதியில் வேறு பெயரில் தையல் கம்பெனி திறந்தார். சேனல் மன்னிப்புக் கேட்கவில்லை. சட்டையைப் பிடித்து உலுக்கும் துண்டு இன்னும் இணையத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை எடுக்கச் சொல்லி அவள் புகார் கொடுக்கும்போதெல்லாம் ஓரிடத்தில் அது மறையும், இன்னோரிடத்தில் முளைக்கும். ஒருகட்டத்தில் அவள் புகார் கொடுப்பதை விட்டுவிட்டாள்.

கடைசியாக வந்தவள் வயதில் பெரியவளை ஒத்த ஒரு தாய். பாத்திரம் தேய்க்கும் வேலை. கை முழுக்க வெடிப்பு. மடிக்கணினியை எடுக்கப் போனவளைக் கையமர்த்தினாள்.

"நான் பாக்க மாட்டேன். எனக்கு அவ்வளவு தெம்பு இல்ல. நீ எத்தனையோ தடவை பாத்திருப்ப. நீ பாத்ததைச் சொல்லு, போதும்."

பெரியவள் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்தாள். புகையைச் சொல்லவில்லை. ஜன்னல் கம்பியைச் சொல்லவில்லை.

"எல்லாரும் ஒரே ஜன்னல்கிட்ட இருந்தாங்க" என்றாள். "ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு. அந்தப் பக்கம் இன்னொரு ஜன்னல் காலியாத்தான் இருந்துச்சு. ஆனா யாரும் தனியா அங்க போகல."

"ஒண்ணாவா இருந்தாங்க?"

"ஒண்ணாத்தான்."

அந்தத் தாய் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "இன்னொரு தரம் சொல்லு" என்றாள். பெரியவள் சொன்னாள்.